ஏற்காட்டில் பழைய வீடு: வாங்கிக் குடியிருந்த அனுபவம்

சேலத்து வெயில் தாங்காமல் ஏற்காட்டில் வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் மேலே வருகிறார்கள். மலர்க் கண்காட்சியும் குளிர்காற்றுமாக ஊர் களைகட்டியிருக்கும். அந்த மயக்கத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். நாகலூர் பக்கம் பழைய ஓட்டு வீடு வாங்கிப் பல வருடங்களாகக் குடியிருக்கும் நான் சொல்வது, ஐப்பசி கார்த்திகை மழையில் வந்து பாருங்கள். ஓடு எங்கே ஒழுகுகிறது, சுவரில் எதுவரை ஈரம் ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். தண்ணீர் கிடைக்கிறதா என்பதை மட்டும் வறண்ட பங்குனியில் பாருங்கள்.

ஈரம்தான் இங்கே பெரிய விஷயம். உப்பு கசியும், பீரோவுக்குள் துணி பூஞ்சை பிடிக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். திரும்பவும் சுண்ணாம்பே பூசுவது நல்லது. தினமும் ஜன்னல் திறந்து அடுப்பு எரிந்தால் வீடு நன்றாகவே இருக்கிறது. விடுமுறைக்கு மட்டும் வந்து பூட்டிப் போகும் வீடுகள்தான் வீணாகின்றன. அதனால் குடியிருக்கப் போகிறவர்கள்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்திர விஷயத்தில் தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் எங்கும் பார்ப்பதுதான். மலையில் கூடுதலாக, அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிபந்தனைப் பட்டாவா என்று பாருங்கள். எஸ்டேட் வழியாகப் போகும் பாதை என்றால் வண்டிப்பாதை பாத்தியம் பத்திரத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. கட்டடம் கட்ட ஹாகா (HACA) எனும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உண்டு. சொந்த நிலத்து மரம்தானே என்று அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது. இந்தக் கட்டுப்பாடுகள் இருப்பதால்தான் மலை இன்னும் மலையாக இருக்கிறது, எனக்கு அதில் சந்தோஷமே.

பெரிய வைத்தியத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம்தான் போக வேண்டும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. இதய நோயாளிகள் இருக்கும் வீட்டார் நன்றாக யோசிக்க வேண்டும்.

சரி, இத்தனைக்கும் ஏன் இங்கே இருக்கிறோம்? 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இன்னும் எங்கள் வேலியோரம் காய்க்கிறது. கோடை மழை ஒன்று பெய்ததும் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, தெருவே மணக்கும். வார நாட்களில் வண்டிச் சத்தம் கிடையாது. மழை வலுத்தால் பக்கத்து வீட்டு அக்கா வந்து, விறகு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.