‘எல்லா நாட்டிலும் ஓடும்’ என்று சொல்லி விற்ற ஹேர் டிரையர்

கடந்த ஜனவரியில் மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போனேன். எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் அடர்த்தியான முடி. காரைக்குடி வீட்டில் தலை முழுகிவிட்டு வளவில் வெயில் விழும் பக்கமாக உட்கார்ந்தால் காய்ந்துவிடும். பனிக்கால அமெரிக்காவில் அதற்கு வழியில்லை. எனக்கோ ஈரம் நின்றால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் உடம்பு. அதனால் ஊரிலேயே ஒரு மின்சாதனக் கடையில் ஹேர் டிரையர் வாங்கினேன்.

“அமெரிக்காவில் ஓடுமா?” என்று இரண்டு தடவை கேட்டேன். “எல்லா நாட்டிலும் ஓடும் ஆச்சி. இந்தக் கன்வெர்ட்டரை மாட்டினால் அதுவே கரண்டை மாற்றிக் கொடுத்துவிடும்” என்றார் கடைக்காரர். டிரையர் 1,350 ரூபாய். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கன்வெர்ட்டர் 650 ரூபாய்.

அங்கே மாட்டினால் சூடே இல்லை, காற்றும் மெல்லத்தான் வந்தது. ஈரத் தலையோடு இருந்து சளி பிடித்துக்கொண்டது. பிறந்து பத்து நாள் ஆன பேரனைத் தூக்க முடியாமல் நான்கு நாள் தனி அறையில் கிடந்தேன். அடுத்த அறையில் அவன் அழும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நான்கு நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிரையரின் கைப்பிடியில் பொடி எழுத்தில் இருந்ததை மருமகன் படித்துக் காட்டினார்: 220–240 வோல்ட், 1200 வாட். அமெரிக்காவில் வருவது 120 வோல்ட். மின்னழுத்தம் பாதியானால் சூடு பாதியாகக் குறையாது, கால் பங்காகக் குறைந்துவிடும் என்றார்.

ஊர் திரும்பியதும், மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு அண்ணன் அந்தக் கன்வெர்ட்டரைத் திருகிப் பிரித்தார். உள்ளே பித்தளைத் தகடுகள் மட்டுமே. நம் பிளக்கின் உருண்டைக் கம்பியை அவர்களுடைய தட்டைக் கம்பியாக மாற்றும், அவ்வளவுதான். 120-ஐ 230 ஆக்க இரும்பும் செம்புச் சுருளும் கொண்ட டிரான்ஸ்பார்மர் வேண்டும். 1200 வாட் தாங்குவதென்றால் கிலோக்கணக்கில் கனக்கும்.

கடைக்குப் போய்க் கேட்டேன். நாலு பேர் முன்னால் டிரையரைச் செருகி, சூடான காற்றை என் கைமீது பிடித்து, “நன்றாகத்தானே ஓடுகிறது?” என்றார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை அப்போதுதான் கவனித்தேன். ‘ஹேர் டிரையர் 1, பிளக் 1’ என்று இருந்தது. வாயால் கன்வெர்ட்டர் என்றவர் கையால் பிளக் என்று எழுதியிருக்கிறார். தெரிந்தே செய்திருக்கிறார்.

நம் பக்கத்தில் மலேசியா, சிங்கப்பூர் போகிறவர்கள் அதிகம். அங்கெல்லாம் மின்னழுத்தம் நம்முடையதைப் போலத்தான். மூன்று பட்டைக் கம்பி உள்ள பிளக் இருந்தால் போதும். அந்தப் பழக்கத்தில்தான் நானும் நம்பிவிட்டேன். அமெரிக்காவுக்கோ 100 வோல்ட் உள்ள ஜப்பானுக்கோ போகிறவர்கள், டிரையரோ முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னரோ, ‘100–240’ என்று பொருளின் மேலேயே அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். சில பயண டிரையர்களில் நாணயத்தால் திருப்பும் 125/250 சுவிட்ச் இருக்கும். திரும்பி வந்ததும் மறக்காமல் அதை 250-க்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இங்கே செருகியதும் கருகிவிடும். அங்கே போய் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. மகள் பிறகு அப்படித்தான் வாங்கித் தந்தாள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். சீட்டும் பிரித்த பித்தளைத் தகடுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.