முடி நட வேண்டாம் என்று சொன்ன ஜெயநகர் டாக்டர்

வகிடு அகலமாகிறது என்று பெங்களூரில் யாரிடம் சொன்னாலும் "போர்வெல் தண்ணிதான் காரணம்" என்பார்கள். அல்சூரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பாதி வீடுகளில் ஷவருக்கு ஃபில்டர் மாட்டியாயிற்று. உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், நுனி உடையும், ஆனால் வகிடு விரிவதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் ஜெயநகர் நான்காவது பிளாக் பக்கம் இருக்கும் தோல் மருத்துவர்.

அவரிடம் போவதற்கு முன் பெரிய கிளினிக் ஒன்றுக்கும் போயிருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்த பெண், டாக்டர் இல்லை, கவுன்சிலர். மொபைலில் உச்சந்தலையைப் படம் எடுத்துவிட்டு, முடி நட இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். பின்னந்தலையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

ஜெயநகர் டாக்டர் முதலில் பார்த்ததே பின்னந்தலையைத்தான். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வைத்து உச்சி, காதுக்கு மேலே, பிடரி என்று ஒவ்வோர் இடமாகத் திரையில் காட்டினார். தடித்த முடிக்குப் பக்கத்திலேயே நூல் போல மெலிந்த முடிகள், பிடரியிலும்தான். ஆண்களுக்கு வழுக்கை விழுந்தாலும் பின்பக்க முடி பெரும்பாலும் உறுதியாக நிற்கும், அதனால் அதை எடுத்து முன்னால் நட்டால் நிலைக்கும். பெண்கள் பலருக்குத் தலை முழுக்கப் பரவலாக மெலிகிறது. "எடுக்கற இடமே மெலிஞ்சிருக்கும்மா, அதை முன்னாடி நட்டா அங்கயும் மெலியும்" என்றார். எனக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது.

மாதவிலக்கு ஒழுங்கா, சமீபத்தில் டெங்கு வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். கடும் காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானாகவே திரும்பி வளரும், அதற்குப் போய் முடி நடுவது வீண் செலவு என்றார். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு பார்க்கச் சொன்னார். எனக்கு ஃபெரிட்டின் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையும், முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் 5 சதவீத ஃபோமும் எழுதிக் கொடுத்தார். தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்தாதீர்கள், நான்கு முதல் ஆறு மாதமாவது பொறுங்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று அவராகவே சொன்னார். நம் ரத்தத்திலிருந்தே பிளாஸ்மாவைப் பிரித்துத் தலையில் போடும் பிஆர்பி ஊசி பற்றி நான்தான் கேட்டேன். பலன் ஆளுக்கு ஆள் மாறும், திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்றதோடு விட்டுவிட்டார். இப்போது வகிட்டோரம் குட்டி முடிகள் தெரிகின்றன.

முடி நடுவதையே எதிர்ப்பவர் இல்லை அவர். என் நாத்தனார் சிறு வயதிலிருந்து பரதநாட்டியம் ஆடியவர். இழுத்துக் கட்டிய கொண்டையும் கனமான சவுரியும் சேர்ந்து நெற்றியோரம் முடியே இல்லாமல் போயிருந்தது. பின்னந்தலை அடர்த்தி. அவரைச் சோதித்துவிட்டு இவரே ஓர் அறுவை மருத்துவரிடம் அனுப்பினார். எஃப்யூஇ முறையில் முடிக்கால்களை ஒவ்வொன்றாக எடுக்கப் பின்பக்கம் மழிக்க வேண்டியிருக்கும் என்பதால் எஃப்யூடி செய்துகொண்டார். பின்னாலிருந்து ஒரு பட்டைத் தோலை எடுத்துத் தைத்துவிடுவார்கள், தழும்பு நீள முடிக்குள் மறைந்துவிடும். மரத்துப்போகும் ஊசிதான், மயக்கம் கொடுக்கவில்லை. நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி முளைத்தது. முழு அடர்த்திக்கு ஒரு வருடம் ஆனது. எங்கே செய்தாலும் கத்தி பிடிப்பவர் யார் என்று கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது இதற்குப் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

குறை என்றால் காத்திருப்பு. அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கு உள்ளே கூப்பிட்டதே இல்லை, சனிக்கிழமை மாலை போகவே வேண்டாம். அந்தத் தெருவில் காரை நிறுத்தவும் இடம் கிடைக்காது, மெட்ரோவில் போவது மேல். எண்ணெய் வைக்காமல், வகிட்டில் கறுப்புப் பவுடர் தடவாமல் போங்கள், கருவியில் வேர் தெளிவாகத் தெரியும். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தால் எடுத்துப் போங்கள், எடுத்ததையே மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார்.