கொழும்பு பல்கனிக்குச் சைக்ளமனா, ஆபிரிக்க வயலட்டா, அந்தூரியமா?

டுபாயில் இருக்கும் சொந்தக்காரர் ஜனவரியில், குளிரில் பூக்கும் கிழங்குச் செடியான சைக்ளமன் பூத்த படம் அனுப்பினால், பாலைவனத்திலேயே வருகிற செடி கொழும்பு வெள்ளவத்தையில் வராதா என்ற ஆசை வரத்தான் செய்யும். வராது. நாம் பகல் வெயிலைக் கணக்குப் பார்க்கிறோம். செடி பார்ப்பது இரவை. அங்கே கோடையில் 40 பாகைக்கு மேல் கொளுத்தினாலும் ஜனவரி இரவு 15 பாகையை ஒட்டி இறங்கிவிடும். கொழும்பில் அதே ஜனவரியிலும் இரவு 22 பாகையை ஒட்டியே நிற்கும். சைக்ளமனுக்குச் சுகமானது பகல் 16 முதல் 20, இரவு 10 முதல் 13. 25ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் இலை மஞ்சளாகும், மொட்டு விரியாமலே வாடும், கிழங்கு உறங்கப் போய்விடும்.

உறங்கினால் உறங்கட்டும் என்று விடவும் முடியாது. பாலை நாட்டில் கிழங்கைக் கோடை முழுக்க நிழலில் காய வைத்து, குளிர் வந்ததும் தண்ணீர் காட்டி எழுப்பலாம். நம் காற்றின் ஈரலிப்பில் அது காய்வதற்குள் அழுகத் தொடங்கும்; காய்ந்தாலும் எழுப்புகிற குளிர் இங்கே இல்லை. ஆகவே மலைநாட்டில் வளர்த்த சட்டி கிடைத்தால் அதைப் பூங்கொத்து மாதிரி நினைத்து வாங்குங்கள்: இரண்டு மூன்று வாரம், அவ்வளவுதான்.

அந்த நாட்களை நீட்ட வழி உண்டு. திறந்த பூக்கள் அல்ல, மொட்டுகள் நிறைந்த செடியாகத் தெரிவு செய்யுங்கள். கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். நடுவில் தண்ணீர் ஊற்றாமல் தட்டில் ஊற்றி, 15 நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். டெங்கு நுளம்பு தேடி வருகிற பொது சுகாதாரப் பரிசோதகருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். வாடிய பூவைக் கத்தரிக்காதீர்கள். காம்பை அடியில் பிடித்து முறுக்கி இழுத்தால் முழுதாக வரும். அடிக்கட்டை மிஞ்சினால் அங்கேதான் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்.

ஏசி அறை தீர்வல்ல. 25இல் ஓடுகிற ஏசி இந்தச் செடிக்கு இன்னும் வெப்பந்தான். 18இல் ஓட்டிவிட்டுக் காலையில் யன்னலைத் திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த இலைகளில் வியர்த்துப் படியும். பூஞ்சணத்துக்கு அது போதும்.

யன்னலோரத்தில் சிறிய, மென்மையான பூ வேண்டும் என்பவர்களுக்கு ஆபிரிக்க வயலட் பொருத்தம். 18 முதல் 27 பாகை அதற்குப் போதும். 30ஐத் தாண்டும் மார்ச், ஏப்ரலில் பூ குறையும், ஆனால் செடி தப்பும். கிழக்கு யன்னல் வெளிச்சம் கொடுங்கள். செடியின் விரிவில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள சட்டியே போதும். பெரிய சட்டியில் ஈரம் தேங்கி நடுக்குருத்து அழுகும். குளிர்ந்த தண்ணீர் இலையில் பட்டால் வெளிறிய வளையம் விழும், அது மாறாது. பெருக்குவது லேசு: ஓர் இலையை மூன்று சென்ரிமீற்றர் காம்போடு சரிவாக வெட்டி, ஈரமான தும்புத்தூளில் குத்திவிட்டால் இரண்டு மாதமளவில் அடியில் குஞ்சுச்செடிகள் தலைகாட்டும்.

பல்கனிக்கென்றால் என் தீர்ப்பு அந்தூரியம். சைக்ளமனைக் கொல்லுகிற வெக்கையும் ஈரலிப்பும் இதற்கு உணவு. சட்டியின் அடியில் செங்கல் துண்டும் கரியும், மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவில் வெட்டிய பொச்சுத் (தேங்காய் மட்டை) துண்டு. பொச்சைச் சில நாள் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே போட வேண்டும். சாயமும் உப்பும் வேரைச் சுடும். 70 முதல் 80 சதவீத நிழல் வலை கட்டாயம். நேர் வெயில் பட்டால் இலையில் வெளிறிய தீய்ந்த திட்டுகள் விழும். தண்டு உயர்ந்து பக்கவேர் வெளியே வந்தால், அதுவரை பொச்சை ஏற்றி மூடுங்கள். செடியிலேயே விட்டால் ஒரு பூ ஆறு வாரம்கூட நிற்கும். மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது பற்றீரியாக் கருகல்: இலை ஓரத்தில் நீர் ஊறிய திட்டு, சுற்றி மஞ்சள். அந்த இலையை உடனே அகற்றி, அடுத்த செடியைத் தொடுமுன் கத்தியைக் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் தெரிவு மாறும். சைக்ளமன் கிழங்கு நஞ்சு, அந்தூரியம் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். வயலட்டால் அந்தத் தொல்லை இல்லை.