சண்டிகர் கேப்பிட்டல் காம்ப்ளெக்ஸ்: கான்கிரீட்டுக்கு ஐந்து ஸ்டார், நகர பிளானுக்கு மூன்று

சண்டிகர் நகரத்தை நம்பர் போட்ட செக்டர்களாகப் பிரித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அதில் செக்டர் 1-இல் இருக்கும் கேப்பிட்டல் காம்ப்ளெக்ஸை நம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. வழிகாட்டியோடுதான் விடுவார்கள், அடையாள அட்டை கட்டாயம், கட்டணம் கிடையாது. சட்டமன்றமும் செயலகமும் உயர் நீதிமன்றமும் இன்றும் வேலை நடக்கிற இடங்கள், அதனால் கெடுபிடி இருக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொண்டு போங்கள், அவ்வளவு நன்றாக இருக்கிறது.

செயலகத்தின் 254 மீட்டர் நீளம் படத்தில் வெறும் நீளமாகத்தான் தெரியும். நேரில் போனால், இதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வெயிலுக்குக் குறுக்கே நிறுத்திய கான்கிரீட் தடுப்புகளின் நிழல் நகர நகர கட்டடத்தின் முகமே மாறுகிறது. சுவரில் சென்ட்ரிங் அடித்த தடம் அப்படியே கிடக்கிறது, மேலே பூச்சு இல்லை. 26 மீட்டர் உயரத்தில் 'திறந்த கை' என்ற நினைவுச்சின்னம், காற்றுக்குத் திரும்பும். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு ரயில் ஏறினால் பாதி நகரத்தைத்தான் பார்த்ததாகும். அரசு வீடுகளை முதலமைச்சர் முதல் பியூன் வரை பதவிவாரியாக வகை பிரித்துத்தான் கட்டினார்கள். வடக்கே மலையைப் பார்த்த செக்டர்களில் பெரிய பங்களா, தெற்கே இறங்க இறங்க நெருக்கம், அதாவது செக்டர் நம்பரைச் சொன்னாலே ஆள் யார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அப்புறம் செக்டர் 22-க்குப் போங்கள். ஜேன் ட்ரூ, மேக்ஸ்வெல் ஃப்ரை, பியர் ஜான்னரே போன்ற கட்டடக் கலைஞர்கள் போட்ட சிக்கன வீடுகளில் செங்கல் ஜாலியும் (காற்று வர ஓட்டை விட்டுக் கட்டிய சுவர்) முற்றமும் இருக்கின்றன. கடைநிலை ஊழியருக்கும் கழிப்பறையோடு வீடு என்பது 1950-களில் சின்ன விஷயமா? அதற்காகவே அந்த மூன்று ஸ்டார்.

மீதி இரண்டைப் பிடித்துக்கொண்டது, இந்தக் கான்கிரீட்டைத் தலையில் சட்டி வைத்துச் சுமந்த சித்தாள்களுக்கு அந்தப் பிளானில் வீடே இல்லை என்பதற்காக. அவர்கள் தற்காலிகக் குடிசைக் காலனிகளில்தான் இருந்தார்கள். ஜான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகள் கதை இன்னொரு வேடிக்கை. அரசு அலுவலகங்களில் பழைய சாமானாகக் கழித்துவிட்டது வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் போன பிறகு, 2011-இல் விற்கத் தடை வந்தது.

நேரம் இருந்தால் செக்டர் 45-க்குள் இருக்கும் புரைல் கிராமத்தையும் பாருங்கள். நேர்கோட்டுச் சாலையிலிருந்து திரும்பினால் குறுகலான சந்து, தலைக்கு மேல் மின்கம்பி, மாடிக்கு மேல் மாடி. இந்த நகரத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு தருவது இந்த மாதிரி இடங்கள்தான். நடந்து போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஒரு செக்டரே 800-க்கு 1200 மீட்டர், ஆட்டோ பிடியுங்கள். காம்ப்ளெக்ஸுக்குப் பக்கத்திலேயே ராக் கார்டன் இருக்கிறது, நகரத்துக்காக இடித்த கிராமங்களின் உடைசலை வைத்தும் சாலை ஆய்வாளர் நேக் சந்த் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாமல் கட்டியது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.