நெல்லையில் பைபர் சாமான் வாங்குகிறவர்கள் தராசு கொண்டு போங்கள்

கொல்லையில் ஷெட் போட்டு பைபர் கேட்டமரான் (இரண்டு ஹல், அதாவது இரண்டு அடி உடல் உள்ள படகு) கட்டுகிறவர்கள் நம் பக்கம் கொஞ்சம் பேர்தான். மொத்தமாக வாங்கும் படகுப் பட்டறைக்காரர்களிடம் வாலாட்டாத கடைக்காரர், இவர்களிடம் ஆட்டிவிடுகிறார். நெல்லையில் ஒரு கெமிக்கல் கடையில் வாங்கிய சரக்கில் மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ரெசின் (இழையில் ஊறி இறுகும் பிசின்), கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) மூன்றிலுமே கோளாறு.

மேட் ரோலில் 450 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 450 கிராம் என்று ஸ்டிக்கர். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்தால் 300 கிராம்தான் நிற்கிறது. 450 மேட் நாலு லேயர் போட்டால் ஏறக்குறைய 4 மி.மீ. கனம் வரும். 300 என்றால் 2.7 தேறினால் பெரிது. தகட்டின் விறைப்பு கனத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதால், மிஞ்சுவது கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒற்றை ஹல் படகு இதைக் கொஞ்ச காலம் தாங்கும். கேட்டமரானில் ஒரு ஹல் அலைமேல் ஏறும்போது மற்றது இறங்கும். அந்த முறுக்கெல்லாம் குறுக்கு பீம் வந்து சேரும் இடத்தில்தான் விழும். அங்கே பல்க்ஹெட்டை (ஹல்லுக்குள் நிற்கும் குறுக்குச் சுவர்) ஒட்டிய பைபர் உரிந்துவிட்டால் கடலில் வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.

அடுத்தது ரெசின். டிரம்மில் 'ஐசோ' (தண்ணீரை நன்றாகத் தாங்கும் ரெசின்) என்று மார்க்கரால் எழுதியிருந்தது, பேட்ச் நம்பர் சுரண்டப்பட்டிருந்தது. ஐசோவா சாதா ஜிபியா (பொது உபயோக ரெசின்) என்று பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. பேட்ச் நம்பரோடு கம்பெனி டெஸ்ட் சர்டிபிகேட் கேட்பது ஒன்றே வழி. உவரி, இடிந்தகரைப் பக்கம் படகைக் கரையேற்றி வைப்பதால் ஜிபி தாக்குப்பிடிக்கிறது. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் பாய்ப்படகில் ஜெல்கோட்டுக்கு (வெளிப்பூச்சு) அடியில் கொப்புளம் கிளம்பும்.

சாக்பவுடர் கலப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஓரிரு நாள் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். ஒரு லிட்டர் நல்ல ரெசின் சுமார் 1.1 கிலோ இருக்கும்; 1.3 காட்டினால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். பழைய சரக்கா என்றும் பாருங்கள்: நிழலில் 25 டிகிரியில் வைத்தாலே ஆறு மாதம்தான் ஆயுசு, தகரக் கூரைக்கடியில் அதுவும் கிடையாது.

ரெசின் இறுகவில்லை என்று போய்க் கேட்டால் கிடைத்த பதில்: "அண்ணாச்சி, இந்த வெயிலுக்கு கேட்டலிஸ்ட்டைப் பாதியாக் கொறைச்சு ஊத்துங்க, செட்டாயிரும்." இதை நம்பவே கூடாது. கிலோவுக்கு 10 கிராமுக்குக் கீழே போனால் ரெசின் உள்ளே கடைசிவரை முழுசாக இறுகாது. வெயிலில் ரெசின் சட்டென்று கட்டியாவதற்கு மருந்து வேறு: விடியற்காலையில் வேலை, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காமல் இருப்பது, அகலத் தட்டில் ஊற்றி வைப்பது, டிரம்மை நிழலில் போடுவது. ஆனி, ஆடிக் காற்றில் மண் பறந்து ஈர லேயரில் ஒட்டும், அது தனித் தலைவலி.

இதிலெல்லாம் பெரிய அக்கிரமம், கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி ஒரே கவரில் போட்டுக் கொடுத்தது. இரண்டும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டாவது ஊதா நிறம். கேட்டலிஸ்ட் வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். பிள்ளைகள் இருக்கிற வீடு.

துண்டுச் சீட்டில் 'ரெசின் 1 டிரம்' என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். வகை, ஜிஎஸ்எம், பேட்ச் எல்லாம் பில்லில் ஏற வேண்டும். அப்படி பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். சரக்கின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. சாம்பிளை மூடி சீல் வைத்து எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே போட்ட லேயரில் நகம் பதிந்தால் அதன்மேல் நல்ல ரெசின் பூசி மூடப் பார்க்காதீர்கள். நல்ல பைபர் தட்டுப்படும்வரை கிரைண்டரால் அரைத்தெடுத்துவிட்டு, அங்கிருந்து மறுபடி போடுங்கள்.