மாடிப்படியும் குளக்கட்டும்

போன மாசியில் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு அப்லேஷன் செய்தார்கள். தொடையிடுக்கு நாளம் வழியாக வயரை இதயத்துக்குள் விட்டு, துடிப்பைத் தாறுமாறாக்கும் இடத்தைச் சுட்டுவிடுகிற வேலை. அது நல்லபடி முடிந்தது. நான் எழுத வந்தது, அதற்குப் பிறகு ஒரு வருசம் நம்மைக் கவனிக்கும் சேவையைப் பற்றி. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

அந்த மூன்றரையும் போனில் கதைக்கும் ஆஸ்பத்திரி மிஸ்ஸுக்குத்தான். முதல் மாதம் கிழமைக்கு ஒரு கோல். "ஐயா, காய்ச்சல் இருக்கா? விழுங்கேக்க நோகுதா?" இதயத்துக்கு வைத்தியம் செய்தவர்கள் தொண்டையை ஏன் கேட்கிறார்கள்? உணவுக்குழாய் இதயத்தின் பின்பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கிறதாம். சூடு பட்டிருந்தால், மிக அரிதாக, சில கிழமை கழித்து ஆபத்து வருமாம்.

ஆறாம் கிழமை ஒரு சாமத்தில் பழைய படபடப்பு திரும்ப வந்தது. கொட்டின காசெல்லாம் போச்சு என்று விடியும்வரை முழித்திருந்தேன். மிஸ் பதறவில்லை. முதல் மூன்று மாதம் சுட்ட இடம் ஆறும் காலம், அப்போது வருவதைத் தோல்வி என்று எழுதமாட்டோம், அதற்குப் பிறகு 30 செக்கன் பதிவானாலும் கணக்கில் வரும் என்றார். "ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ." அதன்பின் அது வரவில்லை.

மிஸ் போனில் கேட்கும் கேள்வித்தாளில் ஒரு கேள்வி: இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கிளிநொச்சியில் என் வீட்டுக்கு மாடியே இல்லை. "சரி ஐயா, குளக்கட்டில ஏறுவீங்களா?" என்றார். இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுகிறேன் என்றேன். அதையே எழுதிக்கொண்டார்.

ஒன்றரை குறைத்தது ஹோல்டருக்காக. 24 மணித்தியாலம் நெஞ்சில் ஒட்டித் துடிப்பைப் பதியும் பெட்டி. மாட்டவும் கழற்றவும் கொழும்புக்கே போகவேண்டும். ஆறாம் மாதம் இரவு பஸ்ஸில் போய், வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில் குளிக்காமல் குந்தியிருந்தேன். என்ன செய்தேன் என்று நேரம் போட்டு எழுதச் சொன்ன தாளில் தேத்தண்ணி, டிவி, நித்திரை, திரும்பத் தேத்தண்ணி. சிறுபோக நெல் மூட்டை தூக்குகிற என் இதயத்தை அந்தப் பெட்டி காணவே இல்லை. ரிப்போட் நோர்மல்தான், வேறென்ன வரும்?

அடுத்த ஹோல்டர் மாசியில், காலபோக அறுவடை நேரம். கிளிநொச்சியில் மாட்டிவிட்டால் வயலுக்கே போட்டுக்கொண்டு போவேன் என்று மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறேன். டொக்டரிடம் கேட்டுச் சொல்கிறாராம்.