ஊரில் கலர் ஃபிலிம் கழுவக் கொடுக்கும் முன்

ஊருக்குக் கலர் ஃபிலிம் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரே பரிந்துரை: எடுத்த ரோலை ஊரிலேயே கழுவிவிடுங்கள். ஸ்கேனைத் திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். விமான நிலைய எக்ஸ்ரே பதம் பார்ப்பது கழுவாத ரோலைத்தான். கழுவிய நெகட்டிவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஸ்கேன் சரியில்லையென்றால் மறுபடி செய்யலாம். ஆனால் டெவலப்பரில், அதாவது ரோலில் படத்தை வரவழைக்கும் மருந்தில், கெட்டது கெட்டதுதான்.

‘கலர் லேப்’ போர்டு தொங்கும் கடைகளில் பெரும்பாலானவற்றில் இன்று டிஜிட்டல் பிரிண்ட் மட்டுமே. சில ஸ்டூடியோக்கள் ரோலை வாங்கி, கூரியரில் பெருநகர லேபுக்கு அனுப்பிவைக்கின்றன. அதனால் முதல் கேள்வி, “இங்கேயே கழுவுறீங்களா, வெளிய அனுப்புறீங்களா?” இரண்டாவது, “வாரத்துக்கு எத்தனை ரோல் வருதுங்க?” இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. சூட்டை மெஷின் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரோல் வரவர புது மருந்து சேர்ந்தால்தான் தொட்டி உயிரோடிருக்கும். வரத்து குறைந்த கடையில் மருந்து காற்றுப்பட்டுச் செத்துப்போகும். அப்போது நிழலில் ஒரு நிறம், வெளிச்சத்தில் அதற்கு எதிர் நிறம் என்று ஏறும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஸ்கேனில் அதை முழுதாக மீட்க முடியாது.

நெகட்டிவைக் கையில் வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதலில் ஓரத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் ஃபிலிம் பெயரும் பட எண்ணும் தொழிற்சாலையிலேயே ஒளி பாய்ச்சி எழுதியவை. நம் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எழுத்து அழுத்தமாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் வெளிச்சம் போதாமல் எடுத்திருக்கிறோம். எழுத்தே மங்கலாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் டெவலப்பரில்தான். எழுத்து சரியாக இருந்தும் படம் மண்டிப்போய், அடர்ந்து, பருபருவென்று தெரிந்தால் ஃபிலிமிலிருந்து வெள்ளியை நீக்க உதவும் பிளீச் மருந்து போதவில்லை, வெள்ளி தங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். அது மீட்கக்கூடியது: நல்ல லேபில் மறுபடி பிளீச், ஃபிக்ஸ் செய்யச் சொல்லுங்கள். காய்ந்த நீர்த்திட்டு போர்வெல் உப்புத்தண்ணீரின் வேலை. கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில்தானா என்று முன்பே கேட்டுவிடலாம்.

நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆறு ஆறாக வெட்டி, உறையில் போட்டுத் தரட்டும். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் கீறல் நிச்சயம்.

ஸ்கேனை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், படம் சுருங்கிவிடும். 1800×1200 பிக்சல் 4×6 அங்குல பிரிண்டுக்கு மட்டும் போதும். 8×12க்கு 3600×2400 வேண்டும். டிஜிட்டல் கேமராவும், கிட்டத்தில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸும் இருந்தால், நெகட்டிவை வீட்டிலேயே படமெடுத்து ஸ்கேன் செய்வதே மேல். சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 95க்கு மேற்பட்ட லைட் பேனல், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் விழும்வரை கேமராவை நகர்த்துங்கள். நான்கு மூலையும் கூர்மையாக வரும். படத்தைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள், இல்லாவிட்டால் கான்ட்ராஸ்ட் போய்விடும்.

பழைய ஸ்டூடியோவில் ஊட்டியில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல் கிடைத்தால் ஆசையாக வாங்கலாம், ஆனால் அதைச் சி-41இல் போடவே கூடாது. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளிதான். பிளீச்சும் ஃபிக்ஸரும் அதை முழுதாகக் கரைத்து வெற்று ஃபிலிமைத் தரும்.

போகும்போது ரோல்களைச் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். டப்பாவிலிருந்து எடுத்து ஜிப் கவரில் கையோடு வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிடி (CT) ஸ்கேனர் எனும் வலுவான எக்ஸ்ரே இருக்கும் இடமென்றால் ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கும் விடாமல் கேட்டுப் பாருங்கள். ஊரில் ரோல்கள் ஃப்ரிட்ஜில், மூடிய டப்பாவில் இருக்கட்டும். வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் கோக்காது.